ஓய்வுபெற்ற குத்துச்சண்டை வீரரின் சண்டைப் பட்டியலை வாசிப்பது எப்படி? பெர்னார்ட் ஹாப்கின்ஸை முன்வைத்து

சென்னையில் குத்துச்சண்டை வரலாறு பெரும்பாலும் வாய்வழியாகவே வந்து சேர்கிறது. வியாசர்பாடியிலோ ராயபுரத்திலோ பழைய ஆட்டக்காரர்களைப் பற்றி விசாரித்தால், யார் எந்தப் பரம்பரை, யார் யாரை எத்தனையாவது ரவுண்டில் சாய்த்தார் என்று மணிக்கணக்கில் சொல்லக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதையே எழுத்தில் காட்டச் சொன்னால் மங்கிப்போன ஒரு புகைப்படமோ பழைய நோட்டீஸோதான் கைக்குக் கிடைக்கும். அமெரிக்கத் தொழில்முறைக் குத்துச்சண்டையில் நிலைமை இதற்கு நேர்மாறானது. அங்கே ஒவ்வொரு சண்டையின் தேதி, ஊர், எடை, சுற்று, முடிவு ஆகியவை பதிவாகியிருக்கின்றன. பதிவு மிகுதியாக இருப்பதாலேயே பலரும் அதன் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். 55 வெற்றி, 8 தோல்வி, 2 டிரா என்று ஒரு வரியைப் படித்துவிட்டு அந்த வீரரை எடைபோட்டுவிடுவது எளிது. ஆனால் அந்த வரியைக் கொண்டு அவரைப் பற்றிக் கிட்டத்தட்ட எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

மேலே சொன்ன கணக்கு பெர்னார்ட் ஹாப்கின்ஸுடையது. பிலடெல்பியாவில் 1965 ஜனவரி 15 அன்று பிறந்தவர். 1988 முதல் 2016 வரை தொழில்முறையில் சண்டையிட்டவர். பயிற்சிக்கு முகமது அலியின் பட்டியலை எடுத்துக்கொள்ளலாமே என்று சென்னை வாசகர்கள் கேட்கக்கூடும். 1980இல் அலி இங்கே வந்து, நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் கண்காட்சிச் சண்டை ஆடியதை நேரில் பார்த்தவர்கள் நகரில் இன்றும் உண்டு. இருந்தாலும் அலியைச் சுற்றிக் கதைகள் அடர்ந்துவிட்டன. பட்டியலைத் திறப்பதற்கு முன்பே முடிவு நம் மனத்தில் இருக்கும். ஹாப்கின்ஸின் பட்டியல் அப்படியல்ல. ஒரு பட்டியலில் எவையெல்லாம் நேரக்கூடுமோ அவை எல்லாமே, முதல் சண்டையில் தோல்வி, நீண்ட இடைவெளி, வெளிநாட்டு டிரா, பின்னர் மாற்றப்பட்ட முடிவு, எடைப் பிரிவு மாற்றம், வயோதிகம் என அனைத்துமே, அதில் நேர்ந்திருக்கின்றன.

முதலில் ஒரு நீள நோட்டை எடுத்து, பட்டியலைக் கையால் எழுதிக்கொள்ளுங்கள். திரையில் உள்ளதை அப்படியே பார்த்தால் கண் வெற்றியின் பச்சையையும் தோல்வியின் சிவப்பையும்தான் எண்ணும். தேதி, எதிராளி, ஊர், எடை, திட்டமிட்ட சுற்றுகள், முடிவு, முடிவு வந்த விதம் ஆகியவற்றுக்கு ஒவ்வொரு பத்தி போதும். கூடவே இரண்டு பத்திகளை நீங்களே கோடு போட்டுச் சேர்க்க வேண்டும். ஒன்று, சண்டை நடந்த அன்றைய தேதியில் இருவரின் வயது. மற்றொன்று, அதே தேதியில் எதிராளியின் கணக்கு. ஓய்வுபெற்ற பிறகு எதிராளியின் கணக்கு என்னவாயிற்று என்பது இங்கே பயன்படாது. அன்று அவர் யாராக இருந்தார் என்பதே கேள்வி.

எழுதி முடித்ததும் தோல்விகளிலிருந்து தொடங்குங்கள். வெற்றிகள் ஒரு வீரரால் என்ன முடியும் என்பதைக் காட்டும். அவருடைய வரம்பு எங்கே இருக்கிறது, எந்த வயதில் அது நகர்ந்தது என்பதைத் தோல்விகள்தான் காட்டும். ஹாப்கின்ஸின் எட்டுத் தோல்விகளின் ஆண்டுகளை வரிசையாக எழுதினால் 1988, 1993, 2005, 2005, 2008, 2012, 2014, 2016 என்று வரும். அவருடைய பிறந்த ஆண்டை அருகில் வைத்துப் பார்த்தால், 28 வயதுக்குள் இரண்டு தோல்விகள், பிறகு 12 ஆண்டுகள் எதுவும் இல்லை, 40 வயதுக்குப் பிறகு ஆறு. பெரும்பாலான வீரர்கள் வீட்டுக்குப் போய்விடும் வயதில்தான் இவருடைய தோல்விகளில் முக்கால் பங்கு வந்திருக்கிறது. எட்டில் ஏழு தோல்விகள் புள்ளி அடிப்படையில் வந்தவை; சண்டை முடியுமுன்னே நிறுத்தப்பட்டுத் தோற்றது கடைசிச் சண்டையில் மட்டுமே. ஆண்டுகளையும் முடிவின் விதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிய உடனேயே இவ்வளவும் தெரிந்துவிடுகிறது. இதுவரை ஒரு சண்டையைக்கூட நாம் பார்க்கவில்லை.

அடுத்து இடைவெளிகள். 1988 அக்டோபர் 11 அன்று அட்லாண்டிக் சிட்டியில் கிளின்டன் மிட்செலிடம் நான்கு சுற்றுச் சண்டையில் தோற்ற ஹாப்கின்ஸ், அதன்பின் 1990 பிப்ரவரி வரை எதிலும் இறங்கவில்லை. பட்டியலில் இரண்டு வரிகளுக்கு நடுவே ஓராண்டுக்கு மேல் இடைவெளி வந்தால் அங்கே நோட்டில் ஒரு கோடு போட்டு, காரணத்தைத் தேட வேண்டும். காயமா, ஒப்பந்தத் தகராறா, சிறையா, வேறு வேலையா என்பது பட்டியலில் இருக்காது. ஹாப்கின்ஸைப் பொறுத்தவரை, பட்டியலின் முதல் வரிக்கு முன்னால் உள்ள வெற்றிடமும் முக்கியமானது. 17 வயதில் கொள்ளைக் குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டு, பென்சில்வேனியாவின் கிராட்டர்ஃபோர்ட் சிறையில் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கழித்தவர் அவர். குத்துச்சண்டையை மறுபடியும் கையில் எடுத்தது அந்தச் சிறையில்தான். ஒலிம்பிக் பதக்கத்தோடும் பெரிய ஒப்பந்தத்தோடும் தொழில்முறைக்குள் நுழைந்தவர்களின் முதல் வரியையும், விடுதலையான அதே ஆண்டில் சிறிய சண்டை ஒன்றில் தோற்றவரின் முதல் வரியையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

எடை என்ற பத்தியைச் சென்னைப் பிள்ளைகள் கிலோவுக்கு மாற்றிக்கொள்வது நல்லது. இங்கே அமெச்சூர் போட்டிகளில் கிலோவிலேயே எடை பார்த்துப் பழகியவர்களுக்குப் பவுண்டுக் கணக்கு உடலில் உறைக்காது. மிடில்வெயிட் என்பது 160 பவுண்டு, அதாவது சுமார் 72.6 கிலோ. லைட் ஹெவிவெயிட் 175 பவுண்டு, சுமார் 79.4 கிலோ. இரண்டுக்கும் நடுவே 168 பவுண்டுப் பிரிவு ஒன்று இருக்கிறது. ஹாப்கின்ஸ் முதல் சண்டையில் லைட் ஹெவிவெயிட்டாக இறங்கித் தோற்றார். பிறகு எடையைக் குறைத்து, ஏறத்தாழ 16 ஆண்டுகள் மிடில்வெயிட்டிலேயே நின்றார். 2006 ஜூன் 10 அன்று, நடுவில் உள்ள பிரிவைத் தாண்டி நேராக லைட் ஹெவிவெயிட்டுக்கு ஏறி, அன்டோனியோ டார்வரை 12 சுற்றுகளில் வென்றபோது அவருக்கு வயது 41. எடைப் பத்தியை மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்தால் இந்த ஒழுங்கு தானாகத் தெரியும். தொழிலின் நடுவில் எடை அங்குமிங்கும் அலைபாயும் வீரர்களோடு ஒப்பிட்டால், இவ்வளவு காலம் ஒரே எடையில் நிற்பது உணவிலும் உறக்கத்திலும் எத்தகைய கட்டுப்பாட்டைக் கேட்டிருக்கும் என்பதை, போட்டிக்கு முந்தைய நாள் அரைக் கிலோவை இறக்கப் படாதபாடு படும் எந்தப் பையனும் புரிந்துகொள்வான்.

இதே பத்தியை எதிராளிக்கும் நிரப்ப வேண்டும். ஹாப்கின்ஸின் மிகப் புகழ்பெற்ற இரு வெற்றிகள் 2001 செப்டம்பர் 29இல் ஃபெலிக்ஸ் டிரினிடாடுக்கு எதிராகவும், 2004 செப்டம்பர் 18இல் ஆஸ்கர் டி லா ஹோயாவுக்கு எதிராகவும் வந்தவை. முதலாவது, நியூயார்க்கில் செப்டம்பர் 15 அன்று நடக்க வேண்டியிருந்து, இரட்டைக் கோபுரத் தாக்குதலால் இரண்டு வாரம் தள்ளிப்போனது. அதுவரை தோல்வியே காணாத டிரினிடாட் 12ஆவது சுற்றில் வீழ்ந்தார். இரண்டாவதில், ஒன்பதாவது சுற்றில் கல்லீரல் பக்கம் இறங்கிய ஓர் இடது குத்து டி லா ஹோயாவை எழவிடாமல் செய்தது. நான்கு பெரிய அமைப்புகளின் பட்டங்களும் முதன்முறையாக ஒரே கையில் சேர்ந்தன. ஆனால் டிரினிடாட் தன் பெயரைச் சம்பாதித்தது 147 பவுண்டில். டி லா ஹோயா தொழில்முறைப் பட்டங்களைத் தொடங்கியது 130 பவுண்டில். இருவரும் மேலே ஏறி வந்தவர்கள்; ஹாப்கின்ஸ் அந்த எடையிலேயே வளர்ந்தவர். இந்த வெற்றிகளின் மதிப்பு இதனால் அழிந்துவிடாது. முதல் சண்டையில் பந்தயக்காரர்கள் டிரினிடாட் பக்கமே சாய்ந்திருந்தார்கள். இருப்பினும் என் மதிப்பீட்டில், 2008 அக்டோபர் 18 அன்று கெல்லி பாவ்லிக்கை வென்றது இவற்றைவிடக் கனமானது. பாவ்லிக் அன்று 34 சண்டைகளில் தோல்வியே அறியாதவர், வயது 26, உயரமும் கனத்த வலக்கையும் உள்ள இயல்பான மிடில்வெயிட். ஹாப்கின்ஸுக்கு வயது 43. பன்னிரண்டு சுற்றுகளும் ஒருதலைப்பட்சமாகவே போயின.

இனி நடுவர்களின் புள்ளிகள். பட்டியலை மேலோட்டமாகப் படிப்பவர்கள் தாண்டிப் போகும் இடம் இது. நிதானமாகப் பார்த்தால் அதிகம் கிடைக்கும் இடமும் இதுவே. தொழில்முறையில் மூன்று நடுவர்கள், பட்டப் போட்டிக்கு 12 சுற்றுகள். ஒவ்வொரு சுற்றிலும் வென்றவருக்கு 10, தோற்றவருக்கு 9. கீழே விழுந்தால் பொதுவாக 8. எனவே யாரும் விழாத, புள்ளி குறைக்கப்படாத 12 சுற்றுச் சண்டையில் ஒரு நடுவர் இருவருக்கும் கொடுத்த புள்ளிகளைக் கூட்டினால் 228 வர வேண்டும். சண்டையைப் பார்க்காமலேயே இந்த ஒரு கூட்டலால் பலவற்றை ஊகிக்கலாம். 1993 மே 22 அன்று வாஷிங்டனில் ராய் ஜோன்ஸிடம் ஹாப்கின்ஸ் தோற்றபோது மூன்று நடுவர்களும் 116-112 என்று எழுதினார்கள், கூட்டினால் 228. யாரும் விழவில்லை, ஜோன்ஸ் எட்டுச் சுற்றுகள், ஹாப்கின்ஸ் நான்கு. 2006இல் டார்வரை வென்றபோது மூவரும் 118-109; கூட்டினால் 227. ஒரு புள்ளி எங்கோ உதிர்ந்திருக்கிறது. ஐந்தாவது சுற்றில் டார்வர் தடுமாறி, அவருடைய கையுறை தரையைத் தொட்டதில் அந்தப் புள்ளி போயிருக்கிறது. 2008 ஏப்ரலில் ஜோ கால்சாகியிடம் பிளவு முடிவில், அதாவது இரண்டு நடுவர்கள் ஒரு பக்கமும் ஒருவர் மறுபக்கமும் நின்ற முடிவில், தோற்றபோது 116-111, 115-112, ஹாப்கின்ஸுக்குச் சாதகமாக 114-113. மூன்றையும் கூட்டிப் பாருங்கள், மூன்றுமே 227. தோற்றது ஹாப்கின்ஸ், ஆனால் முதல் சுற்றிலேயே கீழே விழுந்தவர் கால்சாகி.

இந்தக் கணக்கு எப்போதும் நேராக வந்துவிடாது. 2010 டிசம்பரில் கியூபெக் நகரில் ஜான் பாஸ்கலுடன் டிரா ஆன சண்டையில் ஹாப்கின்ஸ் முதல் சுற்றிலும் மூன்றாவது சுற்றிலும் விழுந்தார். கூட்டுத்தொகை 226 ஆக வேண்டும். இரண்டு நடுவர்களுக்கு அப்படியே வருகிறது: 113-113, 114-112. மூன்றாமவர் எழுதியது 114-114, அதாவது 228. சில சுற்றுகளை 10-10 என்று சமமாக எழுதும் நடுவரிடம் கூட்டுத்தொகை இப்படி ஏறிவிடும். எண் பொருந்தாத இடத்தில் நோட்டில் ஒரு கேள்விக்குறி இட்டு, அந்தச் சண்டையைப் பார்க்க வேண்டியவற்றில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு சுற்று ஒருவரின் வரலாற்றை எப்படித் திருப்புகிறது என்பதற்கு 2005 ஜூலை 16ஐவிட நல்ல பாடம் கிடையாது. மிடில்வெயிட்டில் 20 முறை பட்டத்தைக் காத்திருந்த ஹாப்கின்ஸ், அன்று லாஸ் வேகாஸில் ஜெர்மெய்ன் டெய்லரிடம் பிளவு முடிவில் பட்டங்களை இழந்தார். இரண்டு நடுவர்கள் டெய்லருக்கு 115-113. ஒருவர் ஹாப்கின்ஸுக்கு 116-112. கடைசிச் சுற்றை இரு நடுவர்கள் ஹாப்கின்ஸுக்குக் கொடுக்க, டெய்லருக்கு 115-113 எழுதிய ஒருவர் மட்டும் அதை டெய்லருக்கே கொடுத்திருந்தார். அவரும் அந்தச் சுற்றை மாற்றி எழுதியிருந்தால் அவருடைய தாள் 114-114 ஆகியிருக்கும்; ஒரு தாள் டெய்லருக்கு, ஒரு தாள் ஹாப்கின்ஸுக்கு, ஒரு தாள் சமம் என்று மொத்தம் டிரா ஆகியிருக்கும்; டிரா என்றால் பட்டம் சாம்பியனிடமே தங்கும். பட்டியலில் இந்தச் சண்டை ஒரே ஒரு தோல்வியாக, செர்கேய் கோவாலெவ் 2014இல் 12 சுற்றுகளையும் அள்ளிச் சென்ற சண்டைக்குப் பக்கத்தில் அதே மதிப்புடன் அமர்ந்திருக்கிறது. ஆகவே உங்கள் நோட்டில் தோல்விகளை ஒரே நிறத்தில் எழுதாதீர்கள். நெருங்கிய தோல்விக்கும் தெளிவான தோல்விக்கும் வெவ்வேறு மை இருக்கட்டும். ஹாப்கின்ஸ் ஆரம்பச் சுற்றுகளை அளவுக்கு மீறி விட்டுக்கொடுத்தார், கடைசியில் வந்து அள்ளப் பார்த்தார் என்பதும் உண்மையே. நடுவரை மட்டும் குறைசொல்லித் தப்ப முடியாது.

வெற்றியும் தோல்வியும் டிராவும் ஆகாத வரிகளைத் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். ஹாப்கின்ஸுக்கு அப்படி இரண்டு உண்டு. 1998 ஆகஸ்டில் ராபர்ட் ஆலனுடன் நான்காவது சுற்றில், இருவரையும் பிரிக்க முயன்ற ரிங் நடுவரின் கை பட்டுக் கயிறுகளுக்கு வெளியே விழுந்து கணுக்காலில் காயம்பட்டார். சண்டை செல்லாது என்று ஆயிற்று. 2011 அக்டோபரில் சாட் டாசன் அவரைத் தூக்கித் தள்ளியதில் தோள் பிசகி, இரண்டாவது சுற்றிலேயே டாசனுக்கு வெற்றி அறிவிக்கப்பட்டது. சில வாரங்களில் அந்த முடிவு ரத்தாகிவிட்டது. அந்த வார இதழ்களைப் படிப்பவருக்கு அது தோல்வி. இன்றைய பட்டியலைப் படிப்பவருக்கு செல்லாத சண்டை. இரண்டு ஆதாரங்கள் முரண்பட்டால் எது பிந்தையது என்று பார்ப்பது முதல் வேலை.

ஊர் என்ற பத்தி பெரும்பாலும் விரைவாக முடிந்துவிடும், ஏனெனில் ஹாப்கின்ஸ் ஏறத்தாழ எல்லாச் சண்டைகளையும் அமெரிக்காவிலேயே ஆடினார். விதிவிலக்கான வரிகளில் நிற்க வேண்டும். 1994 டிசம்பரில், அந்த நான்கு பெரிய அமைப்புகளில் ஒன்றான ஐ.பி.எஃப்.பின் பட்டத்துக்காக செகுண்டோ மெர்காடோவுடன் டிரா ஆனது ஈக்வடாரின் கீட்டோ நகரில். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,850 மீட்டர் உயரம், அதாவது நம் ஊட்டியைவிடவும் 600 மீட்டர் மேலே. அங்கே இரண்டு முறை கீழே விழுந்தும் எழுந்து 12 சுற்றுகளை முடித்தார். நான்கு மாதம் கழித்து, 1995 ஏப்ரல் 29 அன்று மேரிலாந்தில் அதே மெர்காடோவை ஏழாவது சுற்றில் நிறுத்திப் பட்டம் பெற்றார். இரண்டு வரிகளையும் சேர்த்துப் படித்தால்தான் முதல் வரி பொருள் தருகிறது.

தேதி விஷயத்தில் சென்னையிலிருந்து தேடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் சனிக்கிழமை இரவு நடக்கும் சண்டை நமக்கு ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லி வேகும் நேரம். லாஸ் வேகாஸில் கோடைக்கால இரவு 9 மணி என்றால் இங்கே மறுநாள் காலை 9.30. ஞாயிறு நாளிதழ் அதற்கு முன்பே அச்சாகிவிட்டிருக்கும். எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் பழைய நாளிதழ்களைக் கேட்டு வாங்கி, 2004 செப்டம்பர் 18 சண்டையின் செய்தியைத் தேடுபவர் 19ஆம் தேதியின் தாளில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். 20ஆம் தேதி திங்கட்கிழமைத் தாளைக் கேட்க வேண்டும். இதைத் தெரிந்துகொண்டால் ஒரு பிற்பகல் மிச்சமாகும்.

வயதுப் பத்தி ஹாப்கின்ஸுக்கு மட்டுமே இவ்வளவு சுவாரஸ்யமாக இருக்கும். 2011 மே 21 அன்று மான்ட்ரியலில் பாஸ்கலை மறுபடியும் சந்தித்து வென்றபோது அவருக்கு 46 வயது 4 மாதம். 1994இல் 45 வயதில் ஜார்ஜ் ஃபோர்மன் ஏற்படுத்திய மிக மூத்த உலக சாம்பியன் என்ற சாதனை முறிந்தது. 2013 மார்ச்சில் டவோரிஸ் கிளவுடை 48 வயதிலும், 2014 ஏப்ரலில் பெய்புட் ஷுமெனோவை 49 வயதிலும் வென்று தன் சாதனையைத் தானே முறித்துக்கொண்டார். வயதை வைத்து ஒருவரைப் புகழும்போது எதிராளியின் வயதையும் பார்த்துவிட வேண்டும் என்பதற்கும் இதே பட்டியலில் எடுத்துக்காட்டு உண்டு. 2010 ஏப்ரலில் ராய் ஜோன்ஸை வென்று 17 ஆண்டு பழைய கடனைத் தீர்த்தார் என்று கொண்டாடினார்கள். ஆனால் அதற்கு நான்கு மாதம் முன்புதான் ஜோன்ஸ் டேனி கிரீனிடம் முதல் சுற்றிலேயே வீழ்ந்திருந்தார். 1993இன் ஜோன்ஸை 2010இல் யாரும் வெல்ல முடியாது, ஏனெனில் அவர் அப்போது இல்லை. அந்த வெற்றிக்கு நான் நோட்டில் அதிக இடம் கொடுக்கவில்லை.

பட்டியலின் கடைசி வரியையும் அதே கண்டிப்போடு படியுங்கள். 2014 நவம்பரில் கோவாலெவிடம் தோற்றபின் இரண்டு ஆண்டு இடைவெளி; பிறகு 2016 டிசம்பர் 17 அன்று, 52 வயது நிறைய ஒரு மாதம் இருக்கையில், கலிபோர்னியாவில் 27 வயது ஜோ ஸ்மித்திடம் எட்டாவது சுற்றில் அடிபட்டுக் கயிறுகளுக்கு வெளியே விழுந்தார்; திரும்பி ஏறத் தரப்படும் 20 விநாடிகளுக்குள் ஏறவில்லை. நிறுத்தப்பட்ட ஒரே தோல்வி என்று முன்பு குறித்தோமே, அது இதுதான். இந்த வரியை விலக்கிவிட்டு மீதியை மதிப்பிடுவதும் தவறு, இந்த வரியைக் கொண்டு மீதியை மதிப்பிடுவதும் தவறு. வயதுப் பத்தியை நேர்மையாக நிரப்பியிருந்தால் அதன் இடம் தானாகவே அமைந்துவிடும்.

இவ்வளவும் முடிந்த பிறகே சண்டைகளைப் பார்க்க உட்காருங்கள். தொகுப்புக் காட்சிகள் வேண்டாம். அவற்றில் குத்துகள் இருக்கும், குத்துகளுக்கு நடுவே அவர் எதிராளியின் கையைக் கட்டிப்போட்ட விதமும், அரை அடி பின்வாங்கி எதிராளியைக் காற்றில் குத்தவைத்த விதமும் இருக்காது. ஹாப்கின்ஸின் தொழில் முழுக்க அந்த நடுவில்தான் நடந்தது. முதலில் டிரினிடாட், அடுத்து டெய்லருடனான முதல் சண்டை, பிறகு பாவ்லிக் என்று முழு நீளத்தில் பாருங்கள். ஒலியை நிறுத்திவிடுங்கள், வர்ணனையாளர் உங்கள் பேனாவை நகர்த்திவிடுவார். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் 10-9 என்று எழுதிவிட்டு, எழுதியதைத் திருத்தாமல் அடுத்த சுற்றுக்குப் போங்கள். டெய்லர் சண்டையின் இறுதியில் உங்கள் தாளையும் மூன்று நடுவர்களின் தாள்களையும் பக்கத்தில் வைத்து, எந்தச் சுற்றுகளில் வேறுபடுகிறீர்கள் என்று குறியுங்கள்.

அதன்பின் நோட்டில் புதிய பக்கம் திருப்பி, டெய்லரின் பட்டியலை எழுதத் தொடங்கலாம். ஹாப்கின்ஸை இரண்டு முறை வென்ற டெய்லரை, 2007 செப்டம்பரில் பாவ்லிக் ஏழாவது சுற்றில் வீழ்த்தினார். 2008 பிப்ரவரியில் மறுபடியும் வென்றார். அதே ஆண்டு அக்டோபரில் அந்தப் பாவ்லிக் ஹாப்கின்ஸிடம் தோற்றார். மூன்று பட்டியல்களிலும் இந்த ஐந்து சண்டைகளையும் ஒரே நிற மையால் அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றின் எடையையும் வயதையும் அருகில் எழுதிக்கொண்டால், அடுத்து எந்த வரியைத் திறப்பது என்பது அங்கிருந்தே தெரியவரும்.